மாரப்பன் பூட்ஸுக்கு விழுந்த விலை

உங்கள் மேலதிகாரி என் வீடு தேடி வந்து, "புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு உங்கள் சாதனைகளைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார். படைவீரர் ஆபீசில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவனிடம் போய்ச் சாதனையைக் கேட்கிறார். நல்ல மனிதர், பாவம். என்னிடம் சாதனை எதுவும் கிடையாது. நான் செய்த ஒரு மடத்தனம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன். அந்த நாற்காலியில் மடித்து வைத்திருக்கிற சால்வை எனக்கென்றால், கதையைக் கேட்டு முடித்த பிறகு யோசித்துப் போர்த்துங்கள்.

நீங்கள் எல்லோரும் வெகு வேகமாக எழுதுகிறீர்களாம். வருகிறவர் ஒரு மணி நேரம் பேசினாலும் அதை ஆறு வரியில் அடக்கிவிடுகிறீர்களாம். வாசலில் என்னை வரவேற்ற பெண் அதைப் பெருமையாகச் சொன்னாள். ஆறு வரியா? நான் உங்கள் வயதில் நாலு வரியில் முடிப்பேன். அதற்காகவே என்னைக் கெட்டிக்காரன் என்று சொன்னார்கள். சொன்னவர்களுக்கும் புத்தி கிடையாது, நம்பிய எனக்கும் கிடையாது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. இன்றைக்கு ஓசூரில் ஷிஃப்டுக்கு ஷிஃப்டு சங்கு ஊதுகிற கம்பெனிகள் எதுவும் அப்போது கிடையாது. குளிரும் கேழ்வரகும் வாரச்சந்தையும் பெங்களூர் போகிற பஸ்ஸும்தான் ஊர். எங்கள் ஆபீஸ் ஓர் ஓட்டு வீடு. செயலாளர் ஒருவர், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். தற்காலிக குமாஸ்தாவாக நான். ஒரு பியூன். உலகப் போரிலிருந்து திரும்பி வந்தவர்களும், திரும்பி வராதவர்களின் வீட்டாரும் எங்களிடம் வருவார்கள். அவர்கள் சொல்வதை வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்து வாங்கி மேலே அனுப்புவது என் வேலை.

வருகிறவர்கள் பேச்சைக் கேட்டால் அந்தப் போரை ஜெயித்ததே எங்கள் தாலுகாதான் என்று தோன்றும். ஜப்பான்காரனைத் தனியாளாகத் துரத்தியவர் மட்டும் எங்கள் ஆபீசில் பதினோரு பேர் இருந்தார்கள். உண்மையிலேயே துரத்தியவர்கள் மூலையில் உட்கார்ந்து பீடி பிடித்துவிட்டு, கேட்டதற்கு ஒரு வார்த்தை பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அது புரிவதற்கு எனக்குப் பல வருடம் ஆயிற்று.

அளப்பதில் முதலிடம் கோவிந்தராஜுவுக்கு. அவனை அவர், இவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மன்னியுங்கள். போரின்போது வெள்ளைக்காரன் கடற்படையின் ஒரு போர்க்கப்பலில் இருந்தவன். பத்திரிகையில் நாசகாரி என்று எழுதுவார்களே, அந்த வகைக் கப்பல். அதில் இருந்தவர்கள் டெஸ்ட்ராயர் என்றுதான் சொல்வார்கள். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் அவன் பேச ஆரம்பித்தால் கடைக்காரர் பால் பொங்குவதைக்கூட மறந்துவிடுவார். டார்பிடோ வரும், இவன் கையைக் காட்டுவான், கப்பல் திரும்பும். விமானம் வரும், இவன் பீரங்கியைத் திருப்புவான், விமானம் விழும். கேப்டன் இவன் தோளில் கைபோட்டுக்கொண்டு அழுவார். அந்தக் கப்பலில் இவனுக்கு என்ன வேலை என்று எவனும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்தான் நானும்.

ஒரு நாள் காலை நஞ்சம்மா வந்தார். ஜவளகிரியைத் தாண்டிக் காட்டோரமாக ஒரு கிராமம். அங்கிருந்து தளி வரை நடந்து, தளியில் பஸ் பிடித்து வந்திருந்தார். அவருடைய கணவர் மாரப்பன் அதே கப்பலில் கொதிகலன் அறையில் வேலை பார்த்தவர். போர் நடந்துகொண்டிருந்தபோதே அந்த அம்மாவுக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. துறைமுகத்தில் கரைக்கு இறங்கிய மாரப்பன் கப்பலுக்குத் திரும்பவில்லை, ஓடிப்போனவர் என்று பதிவாகியிருக்கிறது, அவ்வளவுதான். இங்கிலீஷில் வந்த அந்தக் கடிதத்தை ஊர்க் கணக்குப்பிள்ளை நாலு பேர் நடுவில் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். புண்ணியவான். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

நான் பேனாவை எடுத்துக்கொண்டு, "உங்களுக்கு என்ன வேண்டும், சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்றேன்.

"சுருக்கமாத்தான் சாமி சொல்றேன். செத்துட்டாருன்னா செத்துட்டாருன்னு சொல்லுங்க, அழுதுட்டு எந்திரிச்சு வேலையப் பாக்கறேன். இருக்காருன்னா எங்க இருக்காருன்னு சொல்லுங்க, போயி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன். ஓடிட்டாருன்னு சொல்றீங்களே, அதுக்கு நான் என்னா செய்யட்டும்?"

அந்த அம்மா விடவில்லை.

"கல்யாண வூட்டுக்குப் போனா, இவளுக்கு மஞ்சள் குங்குமம் குடுக்கலாமா வேணாமான்னு தட்டைக் கையில வெச்சுக்கினு முழிக்கறாங்க. குடுக்கறதுன்னா குடு, இல்லாட்டி நவுந்து போ, என் மூஞ்சிக்கு நேரா நின்னுக்கினு யோசிக்காதேன்னு நானே சொல்லிட்டேன். எம் பொண்ணைக் கேட்டுத் தளியிலருந்து வந்தாங்க. இவ அப்பன் கொழும்புல எவளோடயோ இருக்கானாமேன்னு பேசிக்கினே காப்பியக் குடிச்சாங்க. எந்திரிச்சுப் போயிட்டாங்க. அந்தப் பொண்ணு அதுக்கப்பறம் சரியா சாப்பிடறது இல்ல சாமி."

அப்போது எங்கள் தாலுகாவிலிருந்து போருக்குப் போய் இறந்தவர்கள் பெயரை ஒரு கல்லில் வெட்டி ஆபீஸ் வாசலில் நிறுத்துவதாக ஏற்பாடு. கல்லில் மாரப்பன் பெயர் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு எவனும் வாய் திறக்க முடியாது என்பது நஞ்சம்மாவின் கணக்கு. சரியான கணக்குத்தான். மனுவை மேலே அனுப்பினோம். அதே கப்பலில் இருந்தவர்கள் உங்கள் பக்கத்தில் இருந்தால் விசாரித்து, மாதக் கடைசிக்குள் அறிக்கை அனுப்புங்கள், அதன்படி பதிவை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம் என்று பதில் வந்தது. ஆக, மாரப்பன் செத்தாரா ஓடினாரா என்பது என் கைக்கு வந்து சேர்ந்தது. இருபத்து நாலு வயது, நாலு வரி எழுதத் தெரிந்த கை.

அந்தக் கப்பலில் இருந்தவர்கள் எங்கள் பக்கத்தில் இரண்டே பேர். கோவிந்தராஜு ஒருவன். கிருஷ்ணகிரியில் புளி மண்டி வைத்திருந்த கரீம் பாய் இன்னொருவர். பாய் அந்தக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர்.

கோவிந்தராஜு வந்து காலை அகட்டி உட்கார்ந்தான். மணிமணியாகச் சொன்னான். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது கரைக்குப் போகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையைப் படிக்கட்டுப் பக்கம் இருக்கும் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் அங்கே நிற்கும் ஆள் அதைக் கழற்றிக் கையில் கொடுப்பான். பலகையில் வில்லை தொங்கினால் ஆள் வரவில்லை என்று அர்த்தம்.

"மாரப்பன் வில்லை கப்பல் கெளம்புனப்பவும் பலகையிலதான் சார் தொங்குச்சு. நானே கண்ணால பார்த்தேன். எங்கள மாதிரி ஆளுங்க குண்டு மழையில நின்னோம். அவனுக்குக் கொல நடுங்கிப் போச்சு, எறங்கி ஓடிட்டான். அந்தம்மா பாவம்தான், அதுக்காகப் பொய் சொல்ல முடியுமா?"

எவ்வளவு நேர்மை பாருங்கள். எனக்கு அப்படியே புல்லரித்துப் போயிற்று. நாலே வரி, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

அடுத்த வாரம் கரீம் பாய் வந்தார். அவருக்குக் கோர்வையாகப் பேச வராது. வெங்காயம் அழுகியதில் ஆரம்பித்தார். புயலில் அண்டா உருண்டதைச் சொன்னார். கொதிகலன் அறைக்காரர்கள் என்னவோ சொன்னார்கள் என்று தொடங்கியபோது நான் குறுக்கே விழுந்தேன். "பாய், மற்றவர்கள் சொன்னதெல்லாம் வேண்டாம். நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்" என்றேன். சட்டம் படித்தவன் மாதிரி.

"பார்த்ததை மட்டுமா?"

"ஆமாம். மாரப்பன் கப்பலுக்குத் திரும்பி வந்ததைப் பார்த்தீர்களா?"

"நான் அடுப்படியில இருந்தேன் தம்பி. பாக்கல."

"கடலில் விழுந்ததைப் பார்த்தீர்களா?"

"இல்ல." பிறகு, "அவன் கம்பளி ஏலத்துக்கு வந்ததைப் பார்த்தேன். நான்தான் எடுத்தேன். பதினெட்டு ரூபா. பழசு, ஒரு மூல கருகிப்போனது. அவன் பூட்ஸு எத்தனைக்குப் போச்சு தெரியுமா தம்பி உனக்கு?" என்றார்.

மண்டிக்காரர் புத்தி எங்கே போகும், கம்பளி வாங்கிய விலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். "அதெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லை பாய்" என்று சொல்லி, எழுதியிருந்த கம்பளி வரியையும் குறுக்கே அடித்து, பேனாவுக்கு மூடியைப் போட்டேன். பிறகு சுத்தமான காகிதத்தில் நாலு வரி. மாரப்பன் திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை, கடலில் விழுந்ததைப் பார்க்கவில்லை, வேறு எதுவும் தெரியாது. பாய் அதைப் படித்தார். என்னையும் ஒரு தடவை பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் எழுதிய அறிக்கையில் செயலாளரும் கையெழுத்துப் போட்டார். பதிவை மாற்றக் காரணம் இல்லை என்பது அதன் சாரம். சனிக்கிழமை மத்தியானத் தபாலில் அது மேலே போக வேண்டும், பெயர்ப் பட்டியல் கல் தச்சரிடம் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை டீக்கடையில் இருந்தேன். கோவிந்தராஜு அன்றைக்குக் கப்பல்காரர்களின் பெருந்தன்மையைப் பற்றி அளந்துகொண்டிருந்தான்.

"எங்க கப்பல்ல ஒருத்தன் செத்தா, அவன் சாமானையெல்லாம் மேல்தளத்துல ஏலம் விடுவாங்க. ரெண்டு ரூபா பனியனை இருபது ரூபாய்க்கு எடுப்போம். எடுத்தவன் திரும்பவும் ஏலத்துக்கே போட்டுடுவான், அடுத்தவன் எடுப்பான். ஒரே பனியன் நாலு வாட்டி ஏலம் போவும். பணம் அத்தனையும் செத்தவன் வூட்டுக்கு. அதான் கப்பல்காரன்."

பெஞ்சில் இருந்த ஒரு பஸ் கண்டக்டர் கேட்டார். "ஏம்ப்பா, ஓடிப்போனவன் சாமான் இருந்தா?"

"அதுவும் ஏலம்தான். ஆனா எவன் கேப்பான்? தொடவே அருவருப்புப் படுவாங்க. ரெண்டணாவுக்குப் போவும். அந்தப் பணமும் சர்க்காருக்குத்தான்."

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். கருகின கம்பளி, பதினெட்டு ரூபாய்.

கரீம் பாய் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் சொல்லியிருக்கிறார். நான் கேட்டபடியே சொல்லியிருக்கிறார். கப்பலில் இருந்த எவனுக்கும் அந்த விலையைச் சொன்னால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். அதைத்தான் நான் சம்பந்தமில்லை என்று அடித்துத் தள்ளியிருந்தேன்.

இப்போது நீங்கள், உடனே ஓடிப்போய்ச் செயலாளரிடம் சொன்னீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு மணி நேரம் ஆபீஸ் மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்னை நிரந்தரமாக்கும் சிபாரிசு அதே செயலாளர் மேஜையில் இருந்தது. வாக்குமூலத்தில் ஒரு வரியை அடித்தேன் என்று சொன்னால் அந்தச் சிபாரிசு குப்பைக்குப் போகும். எப்படியும் பழைய பதிவுதானே, நானா புதிதாக எழுதினேன் என்று ஒரு பேச்சு மனசுக்குள் ஓடியது. அதற்கு நானே தலையாட்டிக்கொண்டும் இருந்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்த நாள் அது. காபியைக் குடித்துவிட்டு எழுந்து போன அந்தத் தளிக்காரர்கள் ஞாபகம் வந்தது. வயிற்றுவலி என்று லீவு எழுதி வைத்துவிட்டுக் கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன். லீவுக்குக்கூடப் பொய்தான் எழுதினேன், பாருங்கள்.

மண்டியில் பாய் புளி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"பூட்ஸ் எத்தனைக்குப் போயிற்று பாய்?" என்றேன்.

"இப்ப சம்பந்தம் வந்துடுச்சா?"

நான் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நான் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். நீ பேனாவுக்கு மூடியப் போட்டுட்ட. பேனாவ மூடினவன் கிட்ட என்னத்தச் சொல்றது? அந்த வெள்ளக்கார ஆபீசரும் உன்ன மாதிரிதான். பலகையப் பாத்தான், கோவிந்தராஜுவ ஒரு கேள்வி கேட்டான், எழுதி முடிச்சுட்டான். கொதிகலன் ரூம்லருந்து ரெண்டு பேரு மேல போயி, அவன் கப்பல் கெளம்பினப்பறம் எங்களோட வேல செஞ்சான், மாத்து ஆள் வந்ததும் ஏணியில மேல ஏறினான், அங்க அலை தளத்துக்கு மேல அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, அதுக்கப்பறம் ஆளக் காணோம்னு சொன்னாங்க. சிநேகிதனக் காப்பாத்தப் பொய் சொல்றீங்களான்னு வெரட்டிட்டான்."

"அப்படியானால் ஏலம்?"

"ஓடிப்போனவன் சாமான்னு சொல்லித்தான் ஏலம் விட்டாங்க. பணம் அவன் வூட்டுக்குப் போகாதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும் தம்பி. ஆனா ரெண்டணாவுக்கு விட்டுட்டா, அவன் ஓடினான்னு நாங்களும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே. அதனால செத்தவனுக்குக் கேக்கற மாதிரியே கேட்டோம். வேற என்ன செய்ய முடியும் எங்களால?"

மறுநாள் என்னோடு ஓசூருக்கு வர வேண்டும் என்று பாயைக் கேட்டேன். பாய் உள்ளே போய், சணல் சாக்கில் சுற்றிய ஒரு மூட்டையோடு வந்து அதை வாசல் பக்கம் வைத்தார். என்ன அது என்று கேட்டேன்.

"உனக்கில்ல" என்றார்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தோம். ஆபீஸ் வாசலில் நஞ்சம்மா உட்கார்ந்திருந்தார். பட்டியல் இன்றைக்குப் போகிறது என்று எங்கள் பியூன் சொல்லியிருக்கிறான். நல்ல சேதியோ கெட்ட சேதியோ கேட்டுவிட்டு, சாயங்காலம் யானை இறங்கும் நேரத்துக்கு முன்னால் காட்டோரம் போய்ச் சேர வேண்டும் என்று விடியலிலேயே கிளம்பி வந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனேன்.

செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடித்த வரியையும் சொன்னேன்.

"ஏம்ப்பா, நான் கையெழுத்துப் போட்ட அறிக்கை இது. உன் இஷ்டத்துக்கு வரியை அடிப்பே, உன் இஷ்டத்துக்குத் திருப்பி ஒட்டுவே. என்னைக் கேனயன்னு நெனச்சியா?" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் திட்டினார். எல்லாமே எனக்கு உரிய வசவுகள். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் தரையில நடந்த பட்டாளத்துக்காரன். கப்பல் ஏலமெல்லாம் எனக்கு என்ன தெரியும்? இன்னொரு கப்பல்காரன் ஒத்துக்கிட்டா மாத்தறேன். அந்தக் கோவிந்தராஜுவைக் கூப்பிடு" என்றார்.

அவன் ஒத்துக்கொள்ள மாட்டான் என்று நினைத்தேன். டீக்கடையில் அப்படிச் சொல்லவே இல்லை என்று ஒரே போடாகப் போட்டுவிட்டால் நஞ்சம்மாவின் கதை முடிந்தது.

கோவிந்தராஜு மெடலெல்லாம் குத்திக்கொண்டு வந்தான். கல் திறப்பு விழாவுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறான். உள்ளே கரீம் பாயைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றான். எத்தனையோ வருடம் கழித்துப் பார்க்கிறார்கள். பாய் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"கோவிந்தராஜு, மாரப்பன் பூட்ஸ எடுத்தியே, எத்தன ரூபாய்க்கு எடுத்தே?"

அவன் செயலாளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "எந்தப் பூட்ஸு?" என்றான்.

"நாப்பத்தஞ்சு ரூபா. உன் ஒரு மாச சம்பளம். கப்பல்லயே அதுக்கு மேல எவனும் கேக்கல. சார் கப்பல் பாக்காதவரு, அவருக்கு நீயே சொல்லு. ஓடிப்போனவன் பூட்ஸுக்கு ஒரு மாச சம்பளம் குடுத்த ஆளு எவனாவது உண்டா?"

ஜப்பான் விமானங்களைப் பேச்சிலேயே விழவைத்தவன், உட்காரச் சொல்லாமலே பெஞ்சில் உட்கார்ந்தான். வெளியே நஞ்சம்மா எழுந்து கதவருகே வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது.

"பலகைகிட்ட நிக்க வேண்டியது என் வேல சார்" என்றான். குரல் டீக்கடைக் குரல் இல்லை. "மழ பேஞ்சுது. உள்ள போயி சீட்டாடிட்டு இருந்தேன். மாரப்பன் வந்திருக்கான். என்னைக் காணோம்னு வில்லைய வாங்காமலே நேரா கீழ எறங்கி வேலைக்குப் போயிட்டான். கப்பல் கெளம்பினப்பறம்தான் வில்ல தொங்கறதப் பாத்தேன். மாரப்பனக் காணோம்னு ஆபீசர் கேட்டப்ப, அவன் வந்தான், நான்தான் அங்க இல்லைன்னு சொன்னா என்னைச் செறையில போட்டிருப்பாங்க. வரலைன்னு சொல்லிட்டேன்."

அவ்வளவுதான் அந்த மாவீரனின் உத்தியோகம். பீரங்கியும் இல்லை, டார்பிடோவும் இல்லை. வில்லை கழற்றிக் கொடுக்கிற வேலை. அதையும் செய்யவில்லை.

"பூட்ஸ ஒரு நாளும் காலுல போடல சார்" என்று வேறு சொன்னான், அது என்னவோ பெரிய தர்மம் மாதிரி.

"போட்டிருந்தா கடிச்சிருக்கும்" என்றார் பாய்.

அவனைப் பார்க்க எனக்குக் குமட்டியது. கொஞ்ச நேரம்தான். நிற்க வேண்டிய இடத்தில் அவன் நிற்கவில்லை. ஆள் வந்து நின்றபோது நானும்தான் பேனாவை மூடிக்கொண்டு இருந்தேன். அவனுக்காவது சிறைக்குப் போகிற பயம். எனக்கு என்ன பயம்? ஐந்தாவது வரி எழுத வேண்டுமே என்கிற பயம்.

அறிக்கை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். செயலாளர் பழையதைக் கிழித்துப் போட்டு, புதிதாக எழுதச் சொன்னார். கோவிந்தராஜுவின் இரண்டாவது வாக்குமூலத்தைத் தன் கையாலேயே எழுதினார், என்னை நம்பாமல். பதிவு மாறி உத்தரவு வர ஒன்பது மாதம் பிடித்தது. கல்லில் அதற்குள் மற்ற பெயர்களை வெட்டி முடித்திருந்தார்கள், அதனால் மாரப்பன் பெயர் வரிசை தப்பிக் கடைசியில் இருக்கும். உங்கள் ஆபீஸ் வாசலில்தான் இருக்கிறது, தினமும் அதன் மேல் சைக்கிளைச் சாய்த்து வைக்கிறீர்கள், இன்றைக்கும் வரும்போது பார்த்தேன். நஞ்சம்மாவின் பெண்ணுக்கு அடுத்த வருடம் கெலவரப்பள்ளிப் பக்கம் கல்யாணம் ஆயிற்று. என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு இரண்டு வருடம் தள்ளிப் போயிற்று. அது நியாயம்தான். கோவிந்தராஜு அதற்குப் பிறகும் அதே டீக்கடையில்தான் உட்கார்ந்தான். பேசினானா என்று தெரியாது, நான் கடையை மாற்றிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை கோவிந்தராஜு எழுந்து போன பிறகு நடந்ததுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது.

நஞ்சம்மா உள்ளே வந்தார். அவன் வெளியே போனபோது ஒரு வார்த்தை கேட்காமல் வழி விட்டிருந்தார். பாய் சாக்கைப் பிரித்துக் கம்பளியை எடுத்துக் கொடுத்தார். "உங்க ஊர் பேரு எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அப்பவே வந்திருப்பேன்" என்றார். அந்த அம்மா கருகின மூலையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"யாரு யாரு என்னென்ன எடுத்தாங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க பாய்."

பாய் சொல்ல ஆரம்பித்தார். நான் கேட்காமலே பேனாவை எடுத்தேன். கம்பளி, பதினெட்டு ரூபாய், கரீம்.

"எழுதினீங்களா சாமி?"

"எழுதினேன் அம்மா."

பனியன் இரண்டு. கொதிகலன் அறை ஆள் ஒருவர், பதினொரு ரூபாய். அவர் திரும்ப ஏலத்துக்கே போட்டார். துணி வெளுக்கிறவர் ஒன்பது ரூபாய்க்கு எடுத்தார்.

"எழுதினீங்களா?"

"எழுதினேன்."

சவரக்கத்தி. தகரக் குவளை. பூட்ஸ், நாற்பத்தைந்து ரூபாய். ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மா கேட்டார், ஒவ்வொன்றுக்கும் நான் எழுதினேன் என்று சொன்னேன். மூன்றாவது பக்கம் வந்துவிட்டது. தபால் பைக்காரர் வந்து வாசலில் நின்றார், அவரை நிற்கச் சொல்லிச் செயலாளர் கையைக் காட்டினார்.

"கடேசியா ஒரு சீப்பு" என்றார் பாய். "மரச் சீப்பு, ரெண்டு பல்லு ஒடஞ்சது. அதுக்கு என்ன விலன்னு முதல்ல எல்லாருமே சிரிச்சோம். அப்பறம் ஆறு ரூபாய்க்குப் போச்சு. எடுத்தவன் திருப்பிப் போட்டான். மறுபடி அஞ்சு ரூபா. மறுபடி போட்டான். நாலு வாட்டி ஏலம் போச்சும்மா அந்தச் சீப்பு."

நஞ்சம்மா தலையை நிமிர்த்தினார்.

"அது என் சீப்பு" என்றார். "அவரு பட்டாளத்துக்குப் போன அன்னிக்குக் காணாம போச்சு. எங்கடி தொலச்சேன்னு மாமியாகிட்ட ரெண்டு நாளு ஏச்சு வாங்கினேன்."

அப்போதுதான் அழுதார். கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு, யாரையும் பார்த்துக் கூசாமல், இத்தனை வருடம் அழாமல் வைத்திருந்ததையெல்லாம் அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் காகிதத்தைப் பார்த்தார்.

"சீப்பையும் எழுதிட்டீங்களா?"

"எழுதிவிட்டேன் அம்மா. நாலு தடவை என்றும் எழுதியிருக்கிறேன்."

"சரி சாமி" என்றார் நஞ்சம்மா. "இப்ப செத்துட்டாருன்னு எழுதுங்க."